ஆறு மணிக்கு ஒரு ரிங்

என் வீட்டில் சமைக்கும் பெண் ஒருநாள் தன் புது போனை என்னிடம் நீட்டி, "ஏனுங்க சார், இதுல ஏதாச்சும் கோளாறான்னு பாருங்க" என்று கேட்டாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு நிமிடம் அதைப் புரட்டிப் பார்த்தேன். "போன் நல்லாத்தான் இருக்கு, அம்மிணி" என்றேன்.

சொன்னது பொய்யில்லை. போனில் ஒரு கோளாறும் இல்லை. அது எப்படி நடக்க வேண்டும் என்று அதைச் செய்தவர்கள் நினைத்தார்களோ அப்படியேதான் நடந்துகொண்டிருந்தது. அப்படி நடக்க விட்டவர்களில் நானும் ஒருவன். அதை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை.

ஏற்காட்டுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. சேலத்துக்காரன்தான், ஆனாலும் வாழ்நாளில் பெரும்பகுதி சென்னையில் கழிந்தது. கடைசிப் பன்னிரண்டு வருடம் ஒரு மிகப் பெரிய வெளிநாட்டு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. கடையில் போன் வாங்கும்போதே அதற்குள் இருக்கும் செயலிகள் சிலவற்றை அந்த நிறுவனம் செய்தது. அழைப்பு வந்தால் பெயரைக் காட்டி மணி அடிக்கும் செயலி அவற்றில் ஒன்று. நான் நிரல் எழுதுகிறவன் இல்லை. வாடிக்கையாளர்கள் எழுதி அனுப்புவதைப் படிக்கும் பிரிவுக்குத் தலைவன். தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் வருவதையெல்லாம் படித்து, சுருக்கி, ஆங்கிலத்தில் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். இங்கே யாராவது என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று சொல்லி முடித்துவிடுவேன்.

சமைக்கும் பெண்ணின் வீடு கிளியூரில். அவளுடைய அம்மா மஞ்சக்குட்டையில் தனியாக இருக்கிறார். நாற்பது வருடம் காப்பி எஸ்டேட்டில் பழம் பறித்தவர். எத்தனை முறை கூப்பிட்டும் மகள் வீட்டுக்கு வர மறுத்தவர். இரண்டு பேருக்கும் நடுவில் வெகுநாளாக ஓர் ஏற்பாடு இருந்தது. தினமும் காலை ஆறு மணிக்கு அம்மா மகளுக்கு ஒரு ரிங் கொடுப்பார். ஒரே ஒரு ரிங். மகள் எடுக்கக் கூடாது. "எந்திரிச்சுட்டேன், நல்லா இருக்கறேன்" என்று அதற்கு அர்த்தம். ரிங் வராவிட்டால் மகள் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு மஞ்சக்குட்டை ஜீப்பைப் பிடிக்க வேண்டும். பட்டன் போன் இருந்தவரை ஒருநாளும் அது தவறியதில்லை.

பட்டன் போன் கெட்டுப்போய், புது போன் வாங்கினாள். முதல் நான்கைந்து நாள் ரிங் வந்தது. பிறகு நின்றுவிட்டது. முதல்நாள் வராதபோது பதறிப்போய் ஜீப்பில் ஓடினாள். அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாராம்.

"நீ ஏன் அடிக்கலைன்னு கேட்டா, அடிச்சனே கண்ணுங்குதுங்க சார். மறுநாளும் ஓடறேன், மறுநாளும் அடிச்சனேங்குது. செரி, என் கண்ணு முன்னால அடின்னேன். அடிச்சுது. என் போன்ல நல்லா சத்தமா கேக்குதுங்க. அப்ப போன்ல கோளாறு இல்லைதானுங்களே? அதான் உங்களக் கேக்கறேன்."

அவள் அதைச் சொல்லி முடிப்பதற்கு முன்பே எனக்கு முழுவதும் புரிந்துவிட்டது.

ஒரே எண்ணிலிருந்து சில நாள் தொடர்ந்து, எடுப்பதற்குள் நின்றுபோகும் அழைப்பு வந்தால், அதைத் தொல்லை என்று எங்கள் செயலி எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் முதல் சில விநாடிகள் சத்தமோ அதிர்வோ வராது, திரையிலும் ஒன்றும் தெரியாது. அதற்கு மேலும் தொடர்ந்தால்தான் மணி அடிக்கும். சீக்கிரம் நின்றுபோன அழைப்பு, யாரும் திறந்து பார்க்காத ஒரு தனிப் பட்டியலுக்குப் போய்விடும். மகள் கண் முன்னால் அடித்துக் காட்டச் சொன்னபோது அந்த அம்மாள் போனைக் காதில் வைத்து நிதானமாக அடிக்க விட்டிருப்பார். அதனால் சத்தம் கேட்டிருக்கிறது. காலை ஆறு மணிக்குப் பழக்கப்படி ஒரு ரிங்கோடு நிறுத்தியிருப்பார். அதனால் கேட்கவில்லை.

செயலி இப்படிச் சத்தத்தை அடக்குவதை நிறுத்தி வைக்க ஒரு பொத்தான் வேண்டும் என்று கேட்டு எழுதியவர்களின் கடிதங்களை நான்தான் படித்தேன். வெள்ளோட்டமாகச் சில ஊர்களில் மட்டும் விட்டிருந்த காலம் அது. ஒரு பால்காரர் எழுதியிருந்தார்: வாடிக்கை வீட்டிலிருந்து ஒரு ரிங் வந்தால் இன்றைக்குப் பால் வேண்டாம் என்று அர்த்தம், இப்போது தெரியாமல் எல்லா வீட்டுக்கும் ஊற்றிவிட்டு வருகிறேன். ஒரு பெண் எழுதியிருந்தார்: என் அப்பாவுக்குக் காது கேட்காது, சட்டைப்பையில் போன் அதிர்ந்தால் நான் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று தெரிந்துகொள்வார், இப்போது பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டிருக்கிறார். இப்படிப் பல. எல்லாரும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். "உங்களால் முடிந்தால்" என்று எழுதியிருந்தார்கள்.

அதையெல்லாம் சுருக்கித் தலைமையகத்துக்கு இரண்டு வரி எழுதினேன். பேசாமல், இலவசமாகச் செய்தி சொல்வதற்காகச் சிலர் அழைப்பை இப்படிப் பயன்படுத்துகிறார்கள். வழக்கொழிந்து வரும் பழக்கம்.

பெரிய நிறுவனங்கள் வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்பதே இல்லை என்று பலரும் பேசுவதைப் படிக்கிறேன். நான் பார்த்த வரைக்கும் கேட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். காணொளிக் கூட்டத்தில் அந்தச் செயலிக்குப் பொறுப்பான பெண் அதிகாரி என் பெயரைச் சொல்லியே கேட்டார்: உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதனால் உண்மையில் சிரமம் உண்டா? வெளியிடும் தேதி அதற்கு முன்பே முடிவாகியிருந்தது என்பதும் உண்மை. எங்கள் விஷயத்துக்கு ஒதுக்கியது சில நிமிடங்கள்தான் என்பதும் உண்மை. ஆனாலும் கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார்.

திரையில் பத்துப் பன்னிரண்டு முகங்கள். அதற்கு முந்தின வாரம்தான் அவர்களில் ஒருவர், பேசாமலே போன் அடித்து வைக்கும் மக்களைப் பற்றி ஏதோ வேடிக்கையாகச் சொல்லி, எல்லாரும் சிரித்திருந்தார்கள். நானும் சிரித்திருந்தேன். என் அம்மா சேலத்தில் இருந்த நாளெல்லாம், காசை மிச்சம் பிடிக்க, ஒரு ரிங் விட்டுத்தான் என்னைக் கூப்பிடுவாள். நான் கூட்டத்திலிருந்து எழுந்து வராந்தாவுக்குப் போய்த் திருப்பிக் கூப்பிடுவேன். அந்தக் கூட்டத்தில் ஒரு ரிங் என்றால் என்னவென்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதைச் சொன்னால் என் வீடும் எங்கள் பழைய நிலைமையும் அந்தத் திரையில் தெரிந்துவிடும் என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. "பெரிய சிரமம் ஒன்றும் இல்லை. பழகிக்கொள்வார்கள்" என்றேன். அவர் நன்றி சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போனார். பொத்தான் வரவில்லை. கடிதம் எழுதியவர்களுக்கெல்லாம் அனுப்ப ஒரே பதிலை நான் எழுதிக் கொடுத்தேன்: உங்கள் விருப்பமே எங்களுக்கு வழிகாட்டி, உங்கள் கருத்தைக் கவனத்தில் கொண்டுள்ளோம்.

அது நடந்தது குளிரூட்டிய அறையில், எங்கோ இருக்கும் மனிதர்களைப் பற்றி. இது என் சமையலறையில், என் முன்னால் நிற்கும் பெண். அவளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்: உங்க அம்மாவைப் பத்து எண்ணுகிற வரைக்கும் அடிக்க விடச் சொல்லு. ஆனால் அது எப்படி உங்களுக்குத் தெரியும் என்று கேட்பாள். பதில் சொல்ல வேண்டிவரும். ஏற்காட்டில் எனக்கு நல்ல பெயர். படித்தவர், பெரிய வேலையில் இருந்தவர் என்று கடைக்காரர் முதல் ஜீப் டிரைவர் வரை வணக்கம் சொல்வார்கள். பார்த்துக்கொள்ளலாம், இரண்டு நாளில் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"சாரே சொல்லீட்டாரு, போன் நல்லா இருக்குதுன்னு" என்று அவள் அன்று மாலையே அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். என் பேச்சுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் சமையலறையிலேயே என் காதில் விழுந்தது. வெங்காயம் அரிந்துகொண்டே அம்மாவோடு போனில் சண்டை போடுவாள். "அடிச்சேன் அடிச்சேன்னு பொய் சொல்லாத. எனக்கென்ன காது செவிடா?" என்பாள். சில நாள் கெஞ்சுவாள். ஒருநாள் என்னிடம் வந்து, "சார், வயசானா மறதி வரும்ங்களா? அடிக்காமயே அடிச்ச மாதிரி தோணுமுங்களா?" என்று கேட்டாள். நான் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "வரலாம்" என்றேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். முதல் பதிலாவது அவள் முன்னால் நின்ற கூச்சத்தில் வந்தது. இது யோசித்துச் சொன்ன பதில்.

அம்மாவோ தன் பங்குக்கு ஒரு வழி செய்திருக்கிறார். போன் அடித்து முடித்ததும் ஒரு காலி டம்ளரில் ஒரு காப்பிக்கொட்டையைப் போடுவார், இரவில் எடுத்துவிடுவார். அன்றைக்கு அடித்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் டம்ளரைப் பார்த்துக்கொள்ளலாம். மகள் போனபோது டம்ளரைக் காட்டினாராம். "கொட்டையப் போட்டுட்டு போன மறந்திருப்ப" என்று மகள் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் டம்ளரை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாராம்.

மெல்ல மெல்ல ரிங் வராதது அவளுக்குப் பழகிவிட்டது. ஆறு மணிக்குப் போனைப் பார்ப்பதை விட்டாள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். பழகிக்கொள்வார்கள் என்று நான் அந்தக் கூட்டத்தில் சொன்னபடியே ஆயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அந்த அம்மாள் வீட்டுக்குப் பின்னால் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. எழுந்திருக்க முடியவில்லை. போன் உள்ளே அலமாரியில். அன்று முழுவதும் மழைமேகம் இறங்கிப் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத நாள். கத்தினாலும் யாருக்கும் கேட்கவில்லை. புதன்கிழமை காலையில் மஞ்சக்குட்டை ஜீப் டிரைவர், வழக்கமாகக் காலையில் ஜீப் நிற்கும் இடத்தில் வந்து உட்காரும் அம்மாளை இரண்டு நாளாகக் காணவில்லையே என்று இறங்கிப் போய்ப் பார்த்திருக்கிறார். அவர்தான் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு மலையிறங்கிச் சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஒரு பகலும் ஓர் இரவும் அந்த அம்மாள் நனைந்த மண்ணில் கிடந்தார், எழுபத்தெட்டு வயதில்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மகள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஜீப் டிரைவர் பேப்பர் கப்பில் டீ வாங்கி வந்து அவளிடம் கொடுத்து, "குடிங்கக்கா, நேத்தே நான் போய்ப் பாத்திருக்கோணும்" என்றார். அவள் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா அடிக்கறத நிறுத்தாம இருந்திருந்தா, அன்னைக்கே தெரிஞ்சு ஓடியிருப்பேனுங்களே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அப்போதுதான் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். முதலில் அவள் போனை வாங்கி, அந்தத் தனிப் பட்டியலைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். அதில் ஒரே பெயர் வரிசையாக நின்றது. அம்மா, ஆறு மணி. அம்மா, ஆறு மணி இரண்டு நிமிடம். அம்மா, ஆறு மணி. ஒருநாள் விடாமல். அவள் விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனாள், வந்துகொண்டே இருந்தது. பிறகு கடைசியாக வந்த அழைப்புக்குத் திரும்பினாள். திங்கள்கிழமை இருந்தது. செவ்வாய்க்கிழமை இல்லை.

"அப்ப எங்கம்மா தெனமும் அடிச்சுதுங்களா?"

"அடிச்சிருக்காங்க."

"நான் அன்னைக்கு உங்ககிட்ட போனக் குடுத்துக் கேட்டப்ப, இது உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியும், அம்மிணி. இதைச் செஞ்ச கம்பெனியிலதான் இருந்தேன். இதை நிறுத்தறதுக்கு வழி வேணும்னு ஜனங்க கேட்டாங்க. வேண்டாம்னு சொன்னவன் நான்."

கம்பெனி பற்றிச் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. "தெரிஞ்சு வச்சுக்கிட்டு, நல்லா இருக்குதுன்னீங்க" என்றாள். பட்டியலை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னங்க சார் உங்களுக்கு?" என்றாள். ஜீப் டிரைவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். அவள் டீயைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு, போனோடு வார்டுக்குள் போனாள். என்னை உள்ளே கூப்பிடவில்லை.

இரண்டு மாதம் அவள் வேலைக்கு வரவில்லை. நான் கடையில் வாங்கிச் சாப்பிட்டேன். அது ஒன்றும் பெரிய தண்டனையில்லை. அந்த நாட்களில் ஒருமுறை என் பழைய நிறுவனத்துக்கு ஒரு சாதாரண வாடிக்கையாளனாக எழுதினேன், அந்தப் பொத்தானைக் கேட்டு. பதில் வந்தது. அதில் இருந்த வாக்கியங்கள் எனக்குத் தெரிந்தவை.

அம்மாள் வீடு திரும்பியதும் மஞ்சக்குட்டைக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நடப்பதற்கான இரும்புச் சட்டம். மகள் அடுப்படியில் இருந்தாள். தலையை மட்டும் நீட்டி "வாங்க" என்றாள். அம்மாளிடம் ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி என்னைப் பற்றியதில்லை.

"அப்ப எம் புத்தி நல்லாத்தான் இருக்குதுங்களா, சாமி?"

"நல்லா இருக்குதுங்கம்மா. ஒருநாள்கூட நீங்க மறக்கலை."

"கேட்டுக்கடி!" என்று அடுப்படியைப் பார்த்துச் சத்தம் போட்டார். "மறதிக்கு மாத்திர வாங்கிக் குடுத்தாளுங்க எனக்கு! நானும் முழுங்கறேன். நமக்குத்தான் கிறுக்குப் புடிச்சிருச்சாட்டம் இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டு, பக்கத்து ஊட்டுக்காரிகிட்டப் பேசறதக்கூட நிறுத்திப்போட்டேன், எதையாச்சும் ஒளறி வெச்சிருவமோன்னு." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "விழுந்து கெடக்கறப்பகூட, நெசமாவே விழுந்தமா, இல்ல இதுவும் தோணுதான்னு ஒரு நெனப்பு வந்துச்சுங்க."

அவர் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"ஏனுங்க, எங்களாட்டம் நெறையப் பேரு எழுதிக் கேட்டாங்களா?"

"நிறையப் பேர்."

"அவியளுக்கெல்லாம் என்ன சொன்னீங்க?"

சொன்னேன். உங்கள் விருப்பமே எங்களுக்கு வழிகாட்டி என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

"நொம்ப மருவாதியாத்தான் சொல்லீருக்கறீங்க" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்ததாகவும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பத்து எண்ணும் வரை அடிக்க விட்டால் மகள் போனில் சத்தம் வரும் என்று சொல்லிக் கொடுத்தேன். "அவளுக்கு இனி நான் அடிக்க மாட்டேன்" என்றார், அவள் காதில் விழும்படியாகவே. "அடிச்சேன்னு நான் சொன்னப்ப நம்பாதவளுக்கு எதுக்கு அடிக்கோணும்? உங்க நம்பரக் குடுங்க. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுதே. வரலைன்னா அவகிட்டச் சொல்லுங்க. ஆனா எடுத்துப்போடாதீங்க. காலைல எனக்குப் பேச்சு ஒண்ணும் இல்ல."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. மகள் வெளியே வரவில்லை.

இப்போது அவள் மறுபடியும் என் வீட்டில் சமைக்கிறாள். வேலை குறைவில்லாமல் நடக்கிறது. முன்போல எதையும் என்னிடம் கேட்பதில்லை. காலையில் உள்ளே நுழைந்ததும், "வந்துச்சுங்களா?" என்பாள். "வந்துச்சு" என்பேன். அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றுவாள். அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவே இருந்த அந்த ஒரு ரிங் இப்போது என்னிடம் வருகிறது. அது எனக்கு உரியதில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

முதல் சில நாள் அந்த அம்மாள் பத்து எண்ணினார். பிறகு பழைய பழக்கம் வந்துவிட்டது. கட்டைவிரல் தானாக ஒரு ரிங்கோடு நிறுத்திவிடுகிறது. என் போனிலும் அதே செயலிதான். சத்தம் வருவதில்லை. மறுபடியும் பத்து எண்ணச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் ஐந்தே முக்காலுக்கே எழுந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, யாரும் திறந்து பார்க்காத அந்தப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆறு மணிக்கு ஒரு வரி கூடும். சில நாள் ஆறு ஐந்துக்கு. வராத ஒவ்வொரு நிமிடமும், ஜீப் டிரைவரின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, நான் எண்ணுகிறேன்.